'தாய் வட்டம், பிள்ளை சதுரம்': வியட்நாம் நண்பருக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: உடன் வேலை பார்க்கும் வியட்நாம் நண்பருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அவர் அனுப்பிய செய்தியை மொழிபெயர்ப்புச் செயலி 'தாய் வட்டம், பிள்ளை சதுரம்' என்று காட்டுகிறது. என்ன பொருள்? எப்படிப் பதில் சொல்வது?

பதில்: தாயும் சேயும் நலம் என்கிறார். வடக்கு வியட்நாம் உச்சரிப்பில் அது 'மெ ச்சொன் கொன் வுஅங்'. சொல்லுக்குச் சொல் செயலி காட்டியது சரிதான். ஆனால் உடல்வாகு பற்றிய பேச்சே அல்ல இது.

வானம் வட்டம், பூமி சதுரம் என்பது சீனாவிலிருந்து வந்து வியட்நாமில் வேரூன்றிய பழைய நம்பிக்கை. டெட் புத்தாண்டுக்கு இலையில் கட்டி அவிக்கும் சதுரமான அரிசிப் பலகாரம் 'பான் ச்சுங்' பூமியைக் குறிக்கும். வட்டமான 'பான் ஸாய்' வானத்தை. இவ்விரண்டையும் படைத்துத்தான் இளவரசன் லாங் லியூ ஹூங் மன்னரிடம் அரியணை பெற்றான் என்பது அவர்கள் கதை. வட்டமும் சதுரமும் சேர்ந்தால் குறையொன்றும் இல்லை என்று பொருள். வியட்நாம் கவிஞர் நுயென் ஸூவின் காவியமான 'கியூ கதை'யில் வாழ்நாள் துணை பற்றிய பேச்சிலும் இந்த இணை வருகிறது.

பிரசவத்துக்கு முன்பு என்றால் தொடருக்கு முன்னால் 'ச்சுக்' சேர்த்தால் வாழ்த்து. இப்போது பிறந்துவிட்டதால் 'ச்சுக் மூங்' என்று தொடங்குங்கள். சிசேரியன் என்றாலும் சொல்லலாம். தாயோ குழந்தையோ தீவிர சிகிச்சையில் இருந்தால் மட்டும் சொல்லவே கூடாது. குழந்தை பிறந்த பின் என்றால், இருவரும் நலம் என்று தெரிந்த பிறகே இந்தத் தொடர் பொருந்தும். ஒரு மாத நிறைவு விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் இது ஆகாது.

நேரில் சொல்வதானால், தாயைக் குறிக்கும் 'மெ'யில் கவனம் வேண்டும். குரலைத் தாழ்த்தி, தொண்டையில் சட்டென்று நிறுத்த வேண்டும். சமக்குரலில் சொன்னால் புளி என்று பொருளாகிவிடும். இழுத்து இறக்கினால், தெற்கே எள். எழுத்தில் அந்த உயிரெழுத்தின் அடியில் ஒரு புள்ளி வரும். நண்பரின் செய்தியிலிருந்தே தொடரை நகலெடுத்து அனுப்பினால் பிழை வராது.

படம் வந்ததும் 'கொழுகொழுவென்று இருக்கிறான்' என்று எழுதிவிடாதீர்கள். முதலில் 'ச்சொம் வியா' என்று போட்டு, பிறகு புகழுங்கள். வியா என்பது உயிரோடு ஒட்டிய ஆவி. குழந்தைக்கு அது உறுதிப்படவில்லை, நேரடிப் புகழ்ச்சி கேடு செய்யும் என்பது நம்பிக்கை. நம் வீடுகளில் கண் படாமல் இருக்கச் சொல்வது போலத்தான். குடும்பம் வடக்கைச் சேர்ந்ததென்றால், குறிப்பாகப் பாட்டிமார் படத்தைப் பார்ப்பார்கள் என்றால், இதை விட்டுவிடாதீர்கள்.