'ஐ டிக் யுவர் ஸ்டைல்': தோண்டுவது அல்ல

வசன மொழிபெயர்ப்பில் 'ஐ டிக் யுவர் ஸ்டைல்' (I dig your style) என்பதை 'உன் பாணியைத் தோண்டுகிறேன்' என்று போட்டு மாட்டிக்கொண்டதாகச் சொல்லியிருந்தீர்கள். 'உன் பாணி எனக்குப் பிடிச்சிருக்கு' போதும்.

'டிக்' (dig) என்ற சொல்லின் கொச்சைப் பயன்பாடு 1930களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களின் பேச்சில் பரவியது. ஜாஸ் பாடகர் கேப் காலோவேயின் கொச்சைச்சொல் அகராதி, 1944 பதிப்பில், 'டிக்' என்பதற்கு மூன்று பொருள் தருகிறது: சந்திப்பது, பார்ப்பது, புரிந்துகொள்வது. 'பிடிக்கும்' அங்கே இல்லை! அதனால் அந்தக் காலக் கதையில் 'யூ டிக்?' வந்தால் 'புரியுதா?' என்றே போடுங்கள்.

கூட ஒட்டும் சொல்லையும் கவனியுங்கள். சாப்பாட்டு மேசையில் 'டிக் இன்' என்றால் 'சாப்பிட ஆரம்பிங்க'. 'எ டிக் அட் மீ' என்றால் குத்தல் பேச்சு. அங்கே அது வினைச்சொல்லே இல்லை. வினையாக வரும்போது இறந்தகாலத்தில் 'டக்' (dug) ஆகிவிடும், தேடும்போது தவறவிடாதீர்கள்.