பக்வீட் என்ற மணிப்பயிர் எங்கெல்லாம் விளைகிறது, அதன் பூர்வீகம் எது? திருகோணமலையில் பயிரிடலாமா?

கடைசிக் கேள்விக்கே முதலில் பதில்: எங்கட வெயிலுக்குச் சரிவராது. பூக்கிற நேரம் 30 பாகையைத் தாண்டினால் பூ கருகும், மணி பிடிக்காது. மாரியில் சூடு குறையும்தான், ஆனால் தண்ணி தேங்கினால் வேர் அழுகிவிடும்.

பூர்வீகம் தென்மேற்குச் சீனா. நெடுங்காலமாகச் சைபீரியாப் பக்கம் என்றுதான் எழுதி வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒஹ்னிஷி என்ற ஜப்பானிய ஆய்வாளர் சீனாவின் யுன்னான் மலைகளில் இதன் காட்டு மூதாதையைக் கண்டுபிடித்த பிறகு அந்தக் கதை மாறியது. அங்கிருந்து இமயமலை நாடுகளுக்கும் ஜப்பானுக்கும் போனது. ஐரோப்பாவுக்கு மத்திய காலத்தின் கடைசியில்தான் வந்து சேர்ந்தது.

இன்றைக்கு அதிகம் விளைவிப்பது ரஷ்யா. சீனா, உக்ரைன், கசகஸ்தான், போலந்து என்று பட்டியல் நீளும். பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் இந்த மாவில் மெல்லிய ரொட்டி சுடுகிறார்கள். ஜப்பானின் சோபா நூடில்ஸும் இதுதான்.

எனக்குப் பிடித்தது பூட்டானின் பும்தாங் கதை. 2,600 மீற்றருக்கு மேலே நெல் விளைவது கடினம். கோடையும் குறுகியது. பத்துப் பன்னிரண்டு கிழமையில் அறுவடைக்கு வருகிற, சத்தில்லாத மண்ணிலும் முளைக்கிற பயிர் என்பதால் மலைச்சனம் இதைப் பிடித்துக்கொண்டது. மாவைப் பிசைந்து, எங்கட இடியப்ப உரல் மாதிரியான பெரிய மர அச்சில் போட்டு, நெம்புகோலில் பாரம் கொடுத்துப் பிழிகிறார்கள். அதற்குப் பெயர் புட்டா.

மச்சான் வேலை செய்கிற உப்புவெளி விடுதியில், ரஷ்யாக்காரர் விட்டுப்போன பொதி ஒன்றைப் பிரித்துப் பார்த்தோம். வறுத்த மண்ணிற மணி, ஒவ்வொன்றுக்கும் மூன்று மூலை. ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணி விட்டு அவித்தால் உதிரியாக வரும். மீன்குழம்போடு மோசமில்லை!

பெயரில் வீட் இருந்தாலும், நெல், கோதுமை போல இது புல்லினமே இல்லை. அதனால்தான் நாங்கள் நவராத்திரிக்குக் கடலை அவிக்கிற நாட்களில், வட இந்தியாவில் தானியம் விலக்கி விரதம் இருக்கிறவர்கள் குட்டு மாவு என்று இதில் பூரி சுடுகிறார்கள். கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற புரதமும் கிடையாது. அதற்காகத்தான் தேடுகிறீர்கள் என்றால் குரக்கனிலும் குளூட்டன் இல்லை. அதுவும் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த பயிர்தான், ஆனால் எங்கட சூட்டைத் தாங்கும்.

கட்டாயம் போட்டுத்தான் பார்ப்பேன் என்றால் நுவரெலியாப் பக்கம் ஒரு சிறு பாத்தி பாருங்கள். ஒற்றைச் செடி வைத்துப் பலனில்லை. சூலகத்தண்டு (பூவின் பெண் பாகத்தின் தண்டு) நீண்ட பூ ஒரு செடியிலும், அந்தத் தண்டு குட்டையான பூ இன்னொரு செடியிலும் இருக்கும். தேனீ இரண்டுக்கும் போய்வந்தால்தான் காய்க்கும்.