ஐயனைக் கேட்டீர்களா?

கேள்வி: எனக்கு 44 வயது. கோவையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பழைய படங்களில் டைட்டிலில் பெயர் வராமல் ஓரமாக வந்துபோகும் பிரபலங்களைக் கண்டுபிடிப்பதில் எனக்கு ரொம்ப ஆர்வம். 90-களின் தொடக்கத்தில் எங்கள் கோபிப் பக்கம் எடுத்த ஒரு படத்தில், திருவிழாக் கூட்டத்தில் ஒரு முகம். இன்றைக்குப் பெரிய நடிகராக இருப்பவர்தான் அது என்று அடித்துச் சொல்வேன். செயலியில் போட்டுத் தெளிவாக்கியும் பார்த்துவிட்டேன். "அவனாட்டமே இருக்கறவன் ஊருக்கு நாலு பேருங்க" என்கிறார் மச்சான். ஆயிரம் ரூபாய் பந்தயம். ராத்திரி ஒரு மணி வரை இதே வேலையா என்று வீட்டில் சண்டை. எங்கள் ஐயனும் அந்தக் கூட்டத்தில் நின்றாராம், சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கிறார். இதை எப்படி உறுதி செய்வது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். நான் இங்கே போடவில்லை. போட்டால் நாளைக்கு இந்தப் பக்கத்தையே ஆதாரம் என்று மச்சானிடம் நீட்டுவீர்கள்.

நீங்கள் சொல்வது நடக்காத காரியம் இல்லை. 1936-ல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடத்தில் வந்த எம்.ஜி.ஆர்., கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த 'ராஜகுமாரி'யில் கதாநாயகன் ஆனது 1947-ல். ஆனால் மச்சான் சொல்வதும் பொய்யில்லை. நம்ம ஊர் மாரியம்மன் நோம்பி மேடைகளில் ஆடுகிற ரஜினிகளையும் விஜயகாந்துகளையும் பார்த்தவர்தானே நீங்களும்?

அந்தச் செயலியை முதலில் தூக்கிப் போடுங்கள். பழைய டேப்பிலிருந்து இறக்கிய பிரதியில், கூட்டத்தில் நிற்பவன் முகம் என்பது சில புள்ளிகள். செயலி அதைத் தெளிவாக்குவதில்லை. இல்லாத மூக்கையும் கண்ணையும் தானாக வரைந்து ஒட்டுகிறது. நல்ல பிரதி கிடைத்தால் காது மடலைப் பாருங்கள். மீசை, முடி, எடை எல்லாம் மாறும். காது அவ்வளவாக மாறாது.

அதுவும் சந்தேகத்தைக் குறைக்குமே தவிரத் தீர்க்காது. 2015-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் டேனியல் கிரேக் ஒரு படைவீரனாக வந்தார். முகம் முழுக்கக் கவசம், டைட்டிலில் பெயர் கிடையாது. படத்தில் வேலை பார்த்தவர்கள் வாய் திறந்ததால்தான் ஊருக்குத் தெரிந்தது. இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் சாட்சி, அங்கே நின்ற ஆள்தான்.

உங்கள் படத்தில் அங்கே நின்ற ஆள் யார்?

சாளையில் உட்கார்ந்திருக்கிறார். "சொல்லிக்கொண்டே இருப்பார்" என்று எழுதுகிறீர்கள். ஒரு தடவையாவது உட்கார்ந்து கேட்டீர்களா? யாரோ ஒரு நடிகரை அத்தனை ராத்திரி தேடினீர்களே, அதே கூட்டத்தில் பெற்றவர் எந்த மூலையில் நிற்கிறார் என்று தேடத் தோன்றவில்லையா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது அடுத்த வரியில்தான். ஐயனுக்குக் கண் தெரியவில்லை என்பதை, பம்புசெட்டில் தண்ணீர் வரவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கோவையில் குடியிருக்கிறீர்கள். அரவிந்த், சங்கரா என்று கண் ஆஸ்பத்திரிகளைத் தேடி எங்கெங்கிருந்தோ பெரியவர்கள் பஸ் ஏறி வருகிற ஊர். புரையாக இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆபரேஷன். கண்ணில் அழுத்தமோ சர்க்கரையின் பாதிப்போ என்றால், தள்ளிப்போடப் போட, போன பார்வை திரும்பாது. திரையில் இருக்கிற முகத்தைத் தெளிவாக்கச் செயலி தேடிய மகன், பெற்றவர் கண்ணுக்கு என்ன வந்தது என்று கூடப் பார்க்கவில்லை. வயதானால் அப்படித்தான் என்று சொல்லாதீர்கள். பெற்றவரைச் சாளையில் தனியாக விட்டுவிட்டு, ஆளனுப்பிப் பால் வாங்கித் தந்தால் கடமை முடிந்தது என்று நினைக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். உங்கள் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப்போங்கள், அவர் சண்டை போட்டது சரிதான். ஐயனுக்குப் பார்வைதான் மங்கியிருக்கிறது. ஞாபகம் மங்கியதாக நீங்கள் எழுதவில்லை. எந்தக் கோயில், எத்தனை நாள் எடுத்தார்கள், எந்தப் பக்கம் நின்றீர்கள், பேட்டா எவ்வளவு என்று கேளுங்கள். யாருக்குக் குடை பிடித்தார்கள், யார் உங்களோடு வரிசையில் நின்று சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். விருந்தாளியாக வந்த நட்சத்திரம் என்றால் குடைக்கடியில் இருந்திருப்பார். வாய்ப்புத் தேடி வந்த பையன் என்றால் பொட்டல வரிசையில் நின்றிருப்பான். ஊர்க்காரர் இல்லாத முகத்தை ஊர்க்காரர் மறக்க மாட்டார். திரும்பி வரும்போது அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை பட்டறை அரை நாள் மூடிக் கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பந்தயப் பணம் ஆயிரத்தை மச்சானிடம் கொடுத்துவிடுங்கள். அடித்துச் சொன்னவர் நீங்கள். நிரூபிக்க இப்போதைக்கு உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஐயன் வேறு மாதிரி சொன்னால், வட்டியோடு திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.