ஈர மணலும் எண்பது டன் கல்லும்: வாசகர் கேள்வி – பதில்

பழங்காலத் தொழில்நுட்பம் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துப் பதில் சொல்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இன்றைய கிரேனைக் கொண்டும் பிரமிடைக் கட்ட முடியாது என்கிறார்களே! 4,500 ஆண்டுகளுக்கு முன் வெறும் கையால் எப்படி முடிந்தது? (தேனி வாசகர்)

முதலில் கிரேன். ஆயிரம் டன்னுக்கு மேல் தூக்குகிற கிரேன்கள் இன்று வாடகைக்கே கிடைக்கின்றன. கூஃபு மன்னரின் பெரிய பிரமிடில் உள்ள கல்லின் சராசரி எடை சுமார் இரண்டரை டன்தான். எண்ணிக்கைதான் மலைக்க வைக்கும்: ஏறத்தாழ 23 லட்சம் கற்கள். இருபது ஆண்டில் முடிப்பதென்றால் நாளைக்கு 315 கல். பத்து மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல். ஒரே வரிசையில் ஒரே குழு என்றால் நடக்காது. பல குழுக்கள் பல பக்கமிருந்து ஏற்றினால் நடக்கும்.

வடிவமும் கைகொடுத்தது. பிரமிடின் உயரத்தில் கீழ் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது 49 மீட்டருக்குள், மொத்தக் கல்லில் 70 சதவீதம் அடங்கிவிடுகிறது. மேலே போகப் போகச் சிரமம் கூடும், கல்லின் எண்ணிக்கை குறையும். உள்ளே நிரப்பிய சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் பிரமிடு நிற்கும் கீசாவிலேயே, சில நூறு மீட்டருக்குள் வெட்டியது.

இழுத்த விதத்துக்குப் படமே இருக்கிறது. ஜெஹூதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறை ஓவியத்தில், சுமார் 58 டன் சிலையொன்றை மரச் சறுக்குச் சட்டத்தில் ஏற்றி 172 பேர் இழுக்கிறார்கள். சட்டத்தின் முன்னால் நின்று ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். இதைச் சடங்கு என்று நினைத்தவர்கள் உண்டு. 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் செய்து பார்த்தபோது, சரியான ஈரத்தில் இழுவிசை பாதியாகக் குறைந்தது. காய்ந்த மணல் சட்டத்தின் முன் குவிந்து மேடாகி வழிமறிக்கிறது. மணலின் கன அளவில் 2 முதல் 5 சதவீதம் வரை தண்ணீர் சேர்ந்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தரை கெட்டியாகிறது. அதற்கு மேல் ஊற்றினால் சேறாகி மறுபடி இழுவை கூடும். ஊற்றியவர் அளவு தெரிந்து ஊற்றியிருக்க வேண்டும்.

ஓவியத்தின்படி ஆளுக்கு 337 கிலோ சுமை. அது கொஞ்சம் தாராளமான கணக்கு. ஆளுக்கு 100 கிலோ என்று வைத்தாலும் இரண்டரை டன் கல்லுக்கு 25 பேர் போதும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் சரிவில் 33, 34 பேர் தேவைப்படும். சரிவுப்பாதை நேராக இருந்ததா, சுற்றிச் சுற்றிப் போனதா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டை பாதையின் வடிவத்தைப் பற்றித்தான். 2018இல் ஹத்னுப் கல்குவாரியில் கூஃபு காலத்துச் சரிவுப்பாதை ஒன்று வெளிவந்தது. சரிவு 20 சதவீதம். இரு பக்கமும் படிகளும், மரத்தூண் நட்ட குழிகளும் இருந்தன. தூணில் கயிற்றைச் சுற்றினால் சிலர் மேலிருந்தும் சிலர் கீழிருந்தும் இழுக்கலாம்.

கணக்கு எழுதியவரின் நாட்குறிப்பும் கிடைத்திருக்கிறது. செங்கடல் ஓரம் வாடி அல்-ஜார்ஃப் என்ற இடத்தில் 2013இல் எடுத்த பாபிரஸ் ஏடுகளில், மேரர் என்ற அதிகாரி துரா என்ற இடத்திலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றிக் கீசாவுக்குக் கொண்டுவந்ததைப் பதிந்திருக்கிறார். பத்து நாளைக்கு இரண்டு, மூன்று நடை.

நிஜமான சவால் மன்னர் அறைதான். 43 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த அறையின் கூரைக்கு அஸ்வானிலிருந்து ஆற்று வழியே வந்த 9 கருங்கல் உத்தரங்கள், மொத்தம் சுமார் 400 டன். அவற்றில் விரிசல் விழுந்தது. அந்தக் காலத்திலேயே சாந்து பூசிப் பார்த்திருக்கிறார்கள்.

இரும்புக் கருவியே இல்லாதபோது கருங்கல்லைச் செம்பால் எப்படி அறுத்தார்கள்? (கோவை வாசகர்)

செம்பு அறுக்கவில்லை, மணல் அறுத்தது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் செம்பு 3, குவார்ட்ஸ் மணல் 7. கருங்கல்லில் பாதிக்கு மேல் இருக்கும் ஃபெல்ட்ஸ்பார் 6. பல் இல்லாத செம்புத் தகட்டைக் கல்மேல் வைத்து, மணலைத் தூவி, முன்னும் பின்னும் இழுத்தால் மணல் துகள் மென்மையான செம்பில் புதைந்து நின்று கல்லைத் தேய்க்கும். செம்பு மிருதுவாக இருப்பதே இங்கே வசதி. துளைபோட வேண்டுமானால் தகட்டுக்குப் பதில் செம்புக் குழாய். அதை வில்நாண் கட்டிச் சுழற்றினால் நடுவில் நிற்கும் கல்தண்டைப் பிறகு உடைத்து எடுத்துவிடலாம். அப்படி உடைந்த தண்டுகளே கிடைத்திருக்கின்றன.

விலை என்னவென்றால் நேரமும் செம்பும். கல்லோடு தகடும் தேயும். மணல் நொறுங்கி மாவாகிவிட்டால் வெட்டாது, வழித்துவிட்டுப் புது மணல் போட வேண்டும்.

பெரிய கல்லைப் பாறையிலிருந்து பிரிக்க அறுப்பதும் கிடையாது, இடிப்பதுதான். அஸ்வானில் முடிக்காமல் விட்ட தூண் ஒன்று படுத்திருக்கிறது. நீளம் சுமார் 42 மீட்டர், எழுப்பியிருந்தால் ஆயிரம் டன்னைத் தாண்டும். டாலரைட் என்னும் கடினமான கல்லுருண்டையால் குத்திக் குத்திச் சுற்றிலும் பள்ளம் எடுத்தார்கள். பாறையில் விரிசல் தெரிந்ததும் கைவிட்டார்கள். உருண்டைகளும் அங்கேயே கிடந்தன. லேசர் வைத்திருந்தவர்கள் கல்லுருண்டையால் இடித்துக்கொண்டிருப்பார்களா?

தஞ்சைப் பெரிய கோயில் உச்சியில் 80 டன் ஒற்றைக் கல், நிழல் தரையில் விழாது. இவை உண்மைதானே? (மதுரை வாசகர்)

இரண்டும் இல்லை. உச்சியிலுள்ள சிகரம் பல கல்துண்டுகளைப் பொருத்திச் செய்தது. நிழல் காலையிலும் மாலையிலும் தரையில் நன்றாகவே விழுகிறது. சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வரும் நாட்களின் உச்சிவெயிலில் அகன்ற அடித்தளக் கட்டடத்தின் நிழல் தன் காலடிக்குள் ஒடுங்கிவிடும்.

கருங்கல்லே இல்லாத காவிரிக் கழிமுகத்தில் அத்தனை கல்லைக் கொண்டுவந்து சேர்த்தது போதாதா வியப்பதற்கு? விமானம் உள்ளே கூடாக இருக்கிறது. ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையைவிடக் கொஞ்சம் உள்ளே நீண்டு, மேலே போகப் போக நெருங்கி, உச்சியில் கூடுகிறது. அதனால் திடமான கல்மலையாகக் கட்டினால் வரக்கூடிய பாரம் அடித்தளத்துக்கு வரவில்லை. இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில் 275ஆம் நாள் கலசத்துக்குத் தந்த செப்புக்குடம் 3,083 பலம், அதன்மேல் போர்த்திய பொன் 2,926½ கழஞ்சு (பலமும் கழஞ்சும் அக்கால எடை அளவுகள்) என்று கல்வெட்டு அரைக் கழஞ்சு விடாமல் கணக்குச் சொல்கிறது.

பழங்காலத்திலேயே மின்சாரம் எடுத்ததற்குச் சான்று என்கிறார்களே, அந்தப் பாக்தாத் பேட்டரி? (சென்னை வாசகர்)

ஒரு மண் ஜாடி, உள்ளே செம்புக் குழல், அதற்குள் இரும்புக் கம்பி, வாயில் நிலக்கீல் அடைப்பு. 1936இல் கிடைத்தது. புளிக்காடி ஊற்றினால் அரை வோல்ட் அளவுக்கு வரும்தான், எலுமிச்சம்பழத்தில் செம்புக் கம்பியையும் இரும்பு ஆணியையும் குத்தினாலும் வரும். மின்கம்பி எதுவும் கிடைக்கவில்லை. நிலக்கீல் செம்புக் குழலை முழுக்க மூடியிருப்பதால் மின்சாரத்தை வெளியே எடுக்க வழியில்லை. முலாம் பூசத்தான் என்பவர்களுக்கு: அந்தக் காலத்துப் பொன்முலாம் பாதரசத்தில் பொன்னைக் கரைத்துப் பூசிச் சூடாக்கியது. பேட்டரி தேவையில்லை. இதே மாதிரி ஜாடிகள் சிலவற்றில் பாபிரஸ் எச்சம் இருந்தது. ஏடு வைக்கும் ஜாடி என்பதே பொருத்தம்.

இணையத்தில் வரும் காணொளிகளில் எது நிஜம், எது கதை என்று எப்படிப் பிரிப்பது? (ஈரோடு வாசகர்)

குப்பையைக் கேளுங்கள். எந்தத் தொழிலும் சிதறல், உடைந்த கருவி, பாதியில் விட்ட சரக்கு, தொழிலாளி தின்ற எலும்பு ஆகியவற்றை விட்டுச்செல்லும். கீசாவில் ரொட்டி சுட்ட அடுப்புகள், மாட்டெலும்பு, முறிந்து கூடிய கையெலும்போடு புதைக்கப்பட்ட தொழிலாளர்கள் எல்லாம் கிடைத்திருக்கிறார்கள். காணொளி சொல்லும் எந்திரத்துக்கு ஒரு திருகாணியாவது கிடைத்ததா என்று பாருங்கள்.

அப்படியானால் ஆன்டிகிதெரா கருவி? அதுவும் கதையா? லேத் பட்டறை வைத்திருக்கிறேன், பல் கணக்கோடு சொல்லுங்கள். (ஓசூர் வாசகர்)

இது முழுக்க நிஜம். சூரியன், நிலவு, கோள்கள் இருக்கும் இடத்தைப் பல்சக்கரங்களால் காட்டிய கிரேக்கக் கருவி. 1901இல் கிரேக்கத் தீவொன்றின் அருகே, கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கண்ட கப்பலிலிருந்து வந்தது. கப்பல் மூழ்கியது கி.மு. முதல் நூற்றாண்டில். இப்போது 82 துண்டுகள், அவற்றில் 30 வெண்கலப் பல்சக்கரங்கள். 2005இல் எக்ஸ்ரே ஸ்கேன் எடுத்த பிறகுதான் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரிந்தது.

நிலவின் கணக்கு இப்படி. 19 ஆண்டில் 235 அமாவாசை வரும். அதோடு 19ஐக் கூட்டினால் 254. அதே 19 ஆண்டில் நிலவு விண்மீன்களுக்கு நடுவே சுற்றும் சுற்று அது. ஆகவே ஆண்டுக்கு 254/19 சுற்று வேண்டும். 254 பல் வெட்டினால் சக்கரம் பெரிதாகிவிடும். அதனால் பாதி, 127. இணைப்பு: 64 பல் 38ஐ ஓட்டுகிறது. 38இன் அச்சிலுள்ள 48 பல் 24ஐ ஓட்டுகிறது. 24இன் அச்சிலுள்ள 127 பல் 32ஐ ஓட்டுகிறது. பெருக்கிப் பாருங்கள், 254/19 துல்லியமாக வரும்.

அதற்கு மேலும் ஒரு படி போனார்கள். நிலவு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. 50 பல் கொண்ட இரண்டு சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, அச்சு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக விலகியிருக்கும்படி வைத்து, ஒன்றின் ஊசி மற்றதன் காடியில் ஓடச் செய்தார்கள். வேகம் கூடிக் குறைவது அதிலேயே வந்துவிடுகிறது. கிரகணத்துக்கு 223 பல் சக்கரம், ஏனென்றால் 223 நிலவு மாதத்துக்கு ஒருமுறை கிரகண வரிசை திரும்பும்.

குறை? பற்கள் முக்கோணமாக அரத்தால் ராவியவை. உங்கள் பட்டறையில் வெட்டும் வளைவுப் பல் மாதிரி சீராக உருளாது, ஒவ்வொரு பல்லுக்கும் சிறிய குலுக்கல் இருக்கும். சக்கரம் கூடக் கூட விளையாட்டும் உராய்வும் சேரும். செவ்வாய் முள் இருந்த இடம் சில சமயம் 38 பாகை வரை தவறியிருக்கும் என்கிறது ஒரு கணக்கு. அந்தப் பிழை கொல்லருடையதல்ல, அன்றைய வானியல் கோட்பாட்டினுடையது.

ரோமானியர் கட்டியது 2,000 ஆண்டு நிற்கிறது, என் வீட்டு மாடிக் கம்பி 20 ஆண்டில் துருப்பிடித்துவிட்டது. அவர்கள் கலவையில் வீடு கட்டலாமா? (நாகர்கோவில் வாசகர்)

கட்ட வேண்டாம். அவர்கள் கலவை: சுண்ணாம்பு 1 பங்கு, எரிமலைச் சாம்பல் 3 பங்கு. கடலுக்கடியில் 1க்கு 2. இது ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த அளவு. சுட்ட சுண்ணாம்பைச் சூடு அடங்குமுன்பே கலந்ததால் சிறு வெள்ளைக் கட்டிகள் உள்ளே தங்கின. விரிசலில் நீர் புகுந்தால் அவை கரைந்து விரிசலை அடைக்கின்றன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அருமையான சங்கதிதான். ஆனால் அது மெதுவாக இறுகும், இன்றைய கான்கிரீட் அளவு பாரம் தாங்காது. முக்கியமாக, அதில் கம்பியே கிடையாது. கனத்த சுவர், வளைவு, கவிமாடம் என்று எல்லாவற்றையும் அமுக்கத்தில் நிற்கும்படி வடிவமைத்தார்கள். பாந்தியன் கோயிலின் 43 மீட்டர் கவிமாடத்தில் அடியில் கனமான ஜல்லி, உச்சியில் மிதக்கும் அளவு லேசான நுரைக்கல். அப்படியும் அதில் நெடுக்கு விரிசல்கள் உண்டு. இடிந்துபோன ரோமானியக் கட்டடங்களை நாம் படம் எடுப்பதில்லை, அதையும் கணக்கில் வையுங்கள்.

உங்கள் மாடிக்கு எதிரி உப்புக்காற்று. உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துரு பருத்துச் சிமென்ட்டைப் பிளக்கும். கடலோரத்துக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் விதிநூல் சொல்வது: குறைந்தது எம் 30 தரம், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்கு மேல் போகக்கூடாது, கம்பிக்கு 45 மில்லிமீட்டர் மூடல். மூட்டைக்கு 50 கிலோ என்றால் தண்ணீர் 22½ லிட்டர், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து. கொத்தனார் குழைவாக வரட்டும் என்று கூட ஒரு வாளி ஊற்றுவார், அங்கேதான் கெடுகிறது. கம்பிக்கும் பலகைக்கும் இடைவெளி காக்கும் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக்கொடுப்பது இன்னொரு கேடு.

எரிமலைச் சாம்பல் ஆசை இருந்தால் பிபிசி (PPC, போர்ட்லண்ட் பொசோலானா) சிமென்ட் வாங்குங்கள். அதில் கலந்திருக்கும் நிலக்கரிச் சாம்பல் செய்வது அதே வேலைதான். பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். நம் ஊரில் செங்கல் தூளைச் சுண்ணாம்போடு சேர்த்த சுர்க்கிச் சாந்தும் இந்த வகையே. 1895இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணை அதில் கட்டியது.

எந்தத் துறையில் பழங்காலத்தவரை நாம் உண்மையாகவே குறைத்து மதிப்பிடுகிறோம்? (வவுனியா வாசகர்)

நீர். உங்களுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் காலத்தில் கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்கு வெட்டிய ஜயகங்கைக் கால்வாய் 87 கிலோமீட்டர். முதல் 17 மைலில் சரிவு மைலுக்கு 6 அங்குலம், கிலோமீட்டருக்கு 10 சென்டிமீட்டர்கூட இல்லை. சரிவு கூடினால் கரை அரிக்கும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துவிடும்.

அதைவிடக் கடினம் ஏரியின் அடியிலிருந்து நீரைத் திறப்பது. 10 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டர் அடைப்பின்மேல் 10 டன் அழுத்தம். கரைக்கு வெளிப்பக்கம் மதகு வைத்தால் கரைக்குள் போகும் குழாய் முழுதும் அந்த அழுத்தத்தில் இருக்கும், ஒரு இணைப்பு விட்டாலும் நீர் மண்ணை அரித்துக் கரையைத் தின்றுவிடும். அதனால் கரையின் உட்பக்கச் சரிவில் கல்லால் கிணறு போன்ற தொட்டி கட்டி, அதில் நீரை நிறுத்தி வேகத்தை உடைத்து, பிறகு குழாயில் விட்டார்கள். இதுதான் பிசோகொட்டுவ. தமிழகத்து ஏரிகளில் குமிழித்தூம்பு: நீருக்குள்ளே இரண்டு கல்தூண், குறுக்கே கற்பலகைகள், அவற்றின் துளைவழியே இறங்கும் தண்டின் நுனியில் அடைப்பு. தண்டைத் தூக்கினால் நீர் போகும் நீரோடித் துளை திறக்கும். கீழே தனியாகச் சேறோடி, அடியில் படிந்த வண்டல் அது வழியே வெளியேறும். தூர்ந்த பழைய தூம்பைச் செப்பனிடும்போது சேறோடியைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சில ஆண்டில் தொட்டி வண்டலால் நிரம்பி நீரோடியும் சேர்ந்து அடைபடும்.