தவணை முதல்நாள் மடலில் சாதனைகளை எப்படி எழுதுவது?

கேள்வி: கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு மாகாணப் பாடசாலையில் தமிழ்மொழி மூலம் படிப்பிக்கிறேன். சேவையில் சேர்ந்து இரண்டு வருடம். முதலாம் தவணை தொடங்கும் நாளில் பெற்றோருக்குக் கொடுக்க நான்கு பக்க மடல் ஒன்று தயாரிக்கும்படி அதிபர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பாடசாலையினதும் வலயத்தினதும் சாதனைகள், புதிய தவணைச் செய்திகள் இரண்டும் அதில் வரவேண்டும். பெறுபேறுகளை எப்படிப் போடுவது? யாருடைய பெயரையும் படத்தையும் போடலாம்? சாதாரண தரத்தில் 9ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் 'ஏ', எடுத்த பிள்ளைகள் எங்களிடம் மிகக் குறைவு. அதனால் எழுத ஒன்றும் இல்லை என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். வழிகாட்டுங்கள் டீச்சர்.

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

எழுத நிறைய இருக்கிறது. ஆனால் சாதனைப் பக்கத்துக்குப் போகுமுன் தவணைச் செய்தியை முடித்துவிடுவோம். முதல் பக்கம் அதற்குத்தான்.

ஆசிரிய ஆலோசகராக இருந்த காலத்தில் ஒரு பாடசாலையின் முதல்நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகளை இறக்கிவிட வந்த த்ரீவீல் சாரதி ஒருவர் கையில் கொடுத்த மடலை ஹேண்டிலின் மேல் விரித்து வைத்து வாசித்தார். பின்பக்கம் திருப்பினார். திரும்பவும் முன்பக்கம் பார்த்தார். பிறகு என்னிடம், "டீச்சர், இண்டைக்கு எத்தின மணிக்கு ஸ்கூல் விடும்?" என்று கேட்டார். ஒன்றரைப் பக்கத்துக்குப் பாராட்டு அச்சடித்திருந்தோம், விடும் நேரம் எங்கேயும் இல்லை. மகளை ஏற்றுவதற்காக எந்த ஹயரை விடுவது என்று அந்த மனிதர் அப்போதே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த மடலைப் பார்த்துச் சரி சொன்னவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து எந்த மடலைத் திருத்தக் கையில் எடுத்தாலும் விடும் நேரத்தைத்தான் முதலில் தேடுவேன்.

ஆகவே முதல் பக்கத்தில் தொடங்கும் திகதி, தவணை முடியும் திகதி, காலை மணி, விடும் மணி. முதல்நாள் வழமையான 1.30க்கு முன்னதாக விடுவதாக இருந்தால் அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். தரம் 1 பிள்ளைகளுக்கு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்துகொள்வதற்கான இனங்காணல் செயற்பாடுகள் முதலில் நடந்து, வகுப்பு முறைப்படி பிறகுதான் தொடங்கும். மற்ற வகுப்புகளின் திகதியைப் பார்த்து அவர்களும் வந்து நிற்காதபடி அந்தத் திகதியைத் தனி வரியில் எழுதுங்கள். பாடநூல் எந்த நாளில் எந்த வகுப்புக்கு, சீருடைத் துணி வந்துவிட்டதா, இ.போ.ச. பஸ் பருவச்சீட்டுப் படிவத்தில் அதிபரின் கையொப்பம் வாங்க எந்த நேரத்தில் வரலாம் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்குப் பணம் சேர்ப்பதாக இருந்தால் எதற்காக, எவ்வளவு, பற்றுச்சீட்டு யார் தருவார் என்ற மூன்றும் வேண்டும். பணத்தைப் பற்றி அரைகுறையாகச் சொன்னால் மீதியை வாசலில் நிற்கிறவர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொள்வார்கள்.

இன்னொன்று சிரமதானம். கொழும்பில் டெங்கை மறந்துவிட்டுத் தவணை தொடங்க முடியாது. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். விடுமுறையில் பீலியிலும் பூச்சாடித் தட்டிலும் பின்கட்டில் கிடக்கும் உடைந்த கதிரைக் குழிவிலும் தேங்கிய மழைநீருக்கு அதைவிடக் கூடுதலான நாள் கிடைத்திருக்கும். பாடசாலை திறந்த பிறகு செய்யும் சிரமதானம் பிந்திப்போன சிரமதானம். திறப்பதற்கு முந்திய சனிக்கிழமையை வைத்து, பெற்றோரைப் பெயர் சொல்லி வகுப்பு வகுப்பாக அழையுங்கள். இந்த அழைப்பை மடலுக்காகக் காத்திருக்க விடாமல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே போடுங்கள். எழுத்தோடு குரல் பதிவும் அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிற, ஆனால் சிங்களத்தில் படித்த தாய்மார் பலர். பேரப்பிள்ளையைக் கூட்டிவரும் அம்மம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் வாசிக்க முடியாது.

இனிச் சாதனைப் பக்கம். நீங்கள் உண்மையில் கேட்டது இதைத்தான்.

9ஏ எண்ணிக்கை பதாகைக்கு வசதியானது. ஒரு பாடசாலை தன் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை அது சொல்லாது. ஒன்பது பாடத்திலும் 75ஓ அதற்கு மேலோ எடுக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் வீட்டில் ஒரு மேசையும் மாலையில் ஒரு வகுப்பும் இருக்கும். அந்தப் பிள்ளையைப் பாராட்டுங்கள், அது அதன் உழைப்பு. ஆனால் உங்கள் பாடசாலையின் உழைப்பைத் தேடினால் வேறு ஒரு எண் வேண்டும். சாதாரண தரத்துக்குத் தோற்றியவர்களில் எத்தனை பேர் உயர்தரம் கற்கத் தகுதி பெற்றார்கள்? முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அதில் மூன்றில் 'சி'யோ (திறமைச் சித்தி) அதற்கு மேலோ. அந்தக் கோட்டைத் தாண்டிய பிள்ளைக்கு ஒரு கதவு திறக்கிறது. கணிதத்தில் 34 எடுத்துச் சித்தியில்லாமல் 'டபிள்யூ' ஆன பிள்ளைக்கும் 35 எடுத்துச் சாதாரண சித்தியான 'எஸ்' ஆன பிள்ளைக்கும் இடையில் இருப்பது ஒரேயொரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காகத் தரம் 11 கணித ஆசிரியர் பின்னேரங்களில் நின்று படிப்பித்திருப்பார். அதைப் பாராட்ட மடலில் இடமில்லை என்றால் வேறு எதற்கு இடம் வைத்திருக்கிறோம்?

எண்ணைச் சொல்லும்போது எத்தனை பேரில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக்காட்டுகிறேன். போன முறை 95 பேர் தோற்றி 58 பேர் தகுதி பெற்றார்கள் என்று வையுங்கள். இந்த முறை 80 பேர் தோற்றி 52 பேர். எண்ணிக்கையை மட்டும் போட்டால் ஆறு பேர் குறைவு, பாடசாலை கீழே போய்விட்டது. வீதம் பார்த்தால் 61இலிருந்து 65க்கு ஏறியிருக்கிறது. இரண்டையும் போடுங்கள். கூடவே இன்னொரு எண்ணையும் தேடி எடுங்கள். இதே வகுப்பு தரம் 10இல் இருந்தபோது இடாப்பில் எத்தனை பெயர் இருந்தது? 88 பெயர் இருந்து 80 பேர்தான் பரீட்சை எழுதினார்கள் என்றால் அந்த எட்டுப் பேர் எங்கே? வேறு பாடசாலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், கடைக்கு வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர்? 2016 முதல் கட்டாயக் கல்வி வயது 16 வரை. பலவீனமான பிள்ளை பரீட்சைக்கு முன்பே நின்றுவிட்டால் சித்தி வீதம் தானாக ஏறும், அந்த ஏற்றத்தைக் கொண்டாட என் மனம் ஒப்பாது. இந்த மூன்றாவது எண்ணை மடலில் அச்சடிப்பதா என்று அதிபரோடு பேசி முடிவெடுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் கட்டாயம் மேசைக்கு வரவேண்டும்.

ஆகவே "வரலாறு காணாத பெறுபேறு" என்று எழுதாமல் இப்படி எழுதிப் பாருங்கள்: "சாதாரண தரப் பரீட்சைக்கு எமது பாடசாலையிலிருந்து தோற்றிய 80 பேரில் 52 பேர் உயர்தரம் கற்கத் தகுதி பெற்றனர். முந்தைய பரீட்சையில் 95 பேரில் 58 பேர். கணிதத்தில் சித்தி பெற்றோர் இத்தனை பேர். மீளாய்வு முடிவுகள் வந்தபின் இந்த எண்கள் மாறலாம்." கடைசி வரி முக்கியம். விடைத்தாளைத் திரும்பப் பார்க்கும் மீளாய்வில் பெறுபேறு மாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதற்குக் கீழே இரண்டு வரி, தகுதி பெறாத 28 பேருக்காக. எந்தப் பாடத்தை மறுபடி எழுதலாம், யாரைச் சந்திக்க வேண்டும், 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் கீழ் தொழிற்கல்விப் பிரிவு இருக்கும் பாடசாலை எது. அந்தப் பிரிவில் சேரச் சாதாரண தரச் சித்தி தேவையில்லை என்பது கொட்டாஞ்சேனையில் எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

வலயச் செய்தி எழுதும்போது பெயர்களைக் குழப்பாதீர்கள். கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என நான்கு கல்வி வலயங்கள். வலயத்தின் உட்பிரிவான கோட்டத்தில் முதலாவதாக வந்ததை வலயம் என்றும், வலயத்தில் வந்ததை மாவட்டம் என்றும் எழுதுவதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். வலயத்தின் வீதத்தை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதமாகவே பெற்றுக்கொள்ளுங்கள். குழுவில் சுற்றும் படத்தைப் பார்த்துக் கொப்பி பண்ண வேண்டாம். அந்த வீதத்தில் கல்வி அமைச்சின் கீழ் வரும் தேசியப் பாடசாலைகளும் சேர்ந்திருக்கின்றனவா, மாகாணப் பாடசாலைகள் மட்டுமா என்று கேட்டு ஒரு வரியில் குறியுங்கள். அந்த வேறுபாடு தெரியாமல் உங்கள் பாடசாலையை வலயச் சராசரியோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குத்தான் அநியாயம்.

பெயரும் படமும். தரம் 5 புலமைப்பரிசில் பிள்ளைகளின் படத்தையும் புள்ளியையும் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் வேறுபடும். உதவிப்பணத்துக்கும் தரம் 6இல் வேறு பாடசாலைக்குப் போவதற்கும் வைத்த எல்லை அது. அதற்குக் கீழே எடுத்த பத்து வயதுப் பிள்ளை எதிலும் தோற்றுவிடவில்லை. ஆனால் நண்பனின் படம் வாசலில் தொங்கும்போது அந்தப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் விளக்குவதில்லை. வகுப்பில் 32 பேர் பரீட்சை எழுதினார்கள் என்றால் 32 பெயரையும் அகர வரிசையில் போட்டு வாழ்த்துங்கள். வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களின் எண்ணிக்கையை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். பெரிய பிள்ளைகளின் படம் போடுவதானால் பெற்றோரிடமும் பிள்ளையிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைகளும் உண்டு. ஏன் என்று துருவ வேண்டியதில்லை.

உயர்தரத்தில் இன்னொரு கவனம் வேண்டும். மூன்று பாடத்திலும் 'ஏ', அதாவது 3ஏ, எடுத்த பிள்ளையை "மருத்துவ பீடத்துக்குத் தெரிவு" என்று உடனே எழுதிவிடுகிறோம். 2001 முதல், பாடங்களின் கடினத்தைச் சமப்படுத்திக் கணிக்கும் இசட் புள்ளியை வைத்துத்தான் பல்கலைக்கழக அனுமதி. 40 வீதம் அகில இலங்கைத் தகுதி அடிப்படையில், 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு அந்தக் கடைசிப் பட்டியலில் இல்லை. இங்கே 3ஏ எடுத்தும் நினைத்த பீடம் கிடைக்காமல் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு வரும்வரை பெறுபேற்றை மட்டும் எழுதுங்கள். அதோடு, சாதாரண தரம் வரை உங்களிடம் படித்துவிட்டு உயர்தரத்துக்கு வெள்ளவத்தைக்கோ பம்பலப்பிட்டிக்கோ போன பிள்ளைகளையும் தேடிப் பிடியுங்கள். அந்தப் பிள்ளையின் படம் புதிய பாடசாலையின் சுவரிலும் காலி வீதியில் டியூசன் வகுப்பின் பதாகையிலும் இருக்கும். எழுத்தறிவித்த இடத்தில்தான் இருக்காது. "எமது பழைய மாணவி, தரம் 1 முதல் 11 வரை இங்கு கற்றவர்" என்று எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பரீட்சைக்கு வெளியே நடந்ததற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். தமிழ்மொழித் தினப் போட்டியில் கோட்டம், வலயம், மாகாணம் என்று ஒவ்வொரு படியாக ஏறித்தான் தேசிய மட்டத்துக்குப் போக வேண்டும். எந்தப் பிள்ளை எந்தப் படி வரை போனது என்று எழுதுங்கள். வலயத்தில் மூன்றாமிடமும் சொல்லத் தக்கதே. வில்லுப்பாட்டுக் குழு என்றால் உடுக்கு அடித்த பிள்ளையின் பெயரும் வரட்டும். விளையாட்டு, சாரணர், வாத்தியக் குழு பற்றிய விபரம் பொறுப்பாசிரியர்களிடம் இருக்கும், போய்க் கேளுங்கள். வகுப்பாசிரியர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "உங்கள் வகுப்பில் போன வருடத்தைவிட இந்த வருடம் கூடுதலாக முன்னேறிய பிள்ளை யார்?" யோசிக்காமல் பதில் சொல்வார்கள். வரவு 60 நாளிலிருந்து 150 நாளாக ஏறிய பிள்ளை, வாசிக்கத் தொடங்கிய பிள்ளை, தங்கச்சியைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தும் மணி அடிக்குமுன் வரிசையில் நிற்கும் பிள்ளை. உங்கள் சக ஆசிரியர்கள் ஒன்றும் இல்லை என்று சொன்ன பக்கம் இங்கேயே நிரம்பிவிடும்.

கடைசிப் பக்கத்தின் கீழ்ப் பாதியில் வெட்டித் தரும் துண்டு ஒன்று வையுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, வீட்டில் இரண்டு தொலைபேசி இலக்கம், விடும் நேரத்தில் யார் கூட்டிப்போவார், ஒத்துக்கொள்ளாத மருந்தோ உணவோ இருந்தால் அது. முதல் வாரம் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வரவேண்டும் என்று எழுதுங்கள். அந்தத் துண்டின் பின்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வெட்டும்போது திகதியும் நேரமும் அதோடு போய்விடக்கூடாது.