பேக்கேஜுக்குத் தவணை, ரிப்போர்ட்டுக்கு அலமாரி

கேள்வி: வயது 44, எடை 90 கிலோ. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவணையில் 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜ் எடுக்கிறேன். தனியாக ஒரு சர்க்கரைச் சோதனைக்கு ஆவதைப்போல 25 மடங்கு விலை. மூன்று முறையும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6-ஐ ஒட்டியே வந்தது. இப்போது சர்க்கரையை நாள் முழுக்கக் காட்டும் சென்சாரையும் தவணையில் வாங்கச் சொல்கிறார் மைத்துனர். பேக்கேஜை விற்பவரும் அவரே. வாங்கலாமா? இந்தச் சோதனைகள் செலவுக்குத் தகுந்தவையா?

பதில்: 6 என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய எல்லைக்கோடு என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தபின் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லையே!

எடை கூடியவர்கள் 35 வயதிலிருந்தே சர்க்கரை பார்த்துக்கொள்வது சரியான செலவுதான். எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு ஆண்டுக்கு ஒரு ரத்தச் சோதனை போதும். உங்கள் பேக்கேஜின் விலை அதைப்போல 25 மடங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று ஆண்டில் ஆறு பேக்கேஜ், 150 மடங்கு, வட்டி தனி. தேவையோ வெறும் 3.

மிச்சம் எங்கே போக வேண்டும்? 2002-ல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். உங்களைப் போல எல்லையில் நின்றவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். பொய் மாத்திரையும் வழக்கமான அறிவுரையும் பெற்றவர்களில் மூன்று ஆண்டில் நூற்றுக்குச் சுமார் 29 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களில் 22. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிட உடற்பயிற்சி என்று பழக்கப்பட்டவர்களில் 14. ஏறக்குறைய ஏழு பேர் முயன்றால் ஒருவர் தப்புகிறார். கவனியுங்கள், அந்த 29 பேருக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தார்கள். உங்களைப் போலவே.

பயிற்சி இலவசமல்ல. அங்கே ஆளுக்கு 16 அமர்வு தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். செலவு அதில்தான், பலனும் அதில்தான். பேக்கேஜை நிறுத்தினால் மிஞ்சும் பணத்தை உணவு ஆலோசகருக்குக் கொடுங்கள். உங்களுக்கு இலக்கு ஆறு கிலோ சொச்சம். மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

சென்சார்? ஒன்று ஒட்டினால் சுமார் இரண்டு வாரம்தான், பிறகு அடுத்தது. நோய் இல்லாதவருக்கு அது நோயைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்றும் கிடையாது. தவணை போட்டு வாங்க இது என்ன வீடா?

மைத்துனர் மனம் கோணினால், "டாக்டர் எழுதித் தந்தால் எடுக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் தவணையை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று இந்த வாரமே கேளுங்கள், அபராதம் இல்லையென்றால் அடைத்துவிடுங்கள்.