பழைய துப்பாக்கியும் ஹெச்-1பி விசாவும்: வழக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: டெக்ஸாஸில் ஒன்பது வருடமாக ஹெச்-1பி விசாவில் வேலை செய்கிறேன். ஐ-140 (கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது. ஊரில் என் தாத்தாவிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. அந்த ஆசையில் ஆறு மாதத்துக்கு முன் ஒரு கன் ஷோவில், கடைக்காரர் அல்லாத ஒரு தனிநபரிடம், வின்செஸ்டர் 1897 பம்ப்-ஆக்‌ஷன் ஷாட்கன் ஒன்றை 1,400 டாலருக்கு வாங்கினேன். "இது ஆண்டிக், எந்தப் பேப்பரும் வேண்டாம், எல்லாம் ஒரிஜினல்" என்றார். அப்புறம்தான் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார்: மெருகு புதிது, கட்டை மாற்றியது, குழலையே அறுத்திருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தால் பதினேழரை அங்குலம்தான் வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "உன் நாட்டுக்கே போ" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு பிளாக் செய்துவிட்டார். மெசேஜ், படம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. துப்பாக்கி இப்போது நண்பர் வீட்டில். ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட்) வழக்குப் போட்டால் ஜெயிப்பேனா?

பதில்: வழக்குப் போடாதீர்கள். நீங்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதியதைத்தான் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். அதில் என் கண்ணில் பட்டது முதல் வாக்கியம் மட்டும்தான். மெருகு, கட்டை, அவர் பேசிய பேச்சு எல்லாம் மனதை நோகடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டம் உங்களிடம் கேட்கப்போகும் கேள்வி வேறு: துப்பாக்கி உங்கள் கையில் இருந்த நாட்களில் நீங்கள் எந்த விசாவில் இருந்தீர்கள், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்ததா?

நான்-இமிக்ரன்ட் (தற்காலிக) விசாவில் இந்த நாட்டுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்று ஃபெடரல் சட்டம் சொல்கிறது. 922(ஜி)(5)(பி) பிரிவு. ஹெச்-1பி அதில் வரும், ஹெச்-1பி குடும்பத்தாருக்கான ஹெச்-4 வரும், மாணவர் விசாவும் வரும். ஐ-140 அப்ரூவ் ஆனதால் உங்கள் நிலை மாறிவிடவில்லை. கிரீன் கார்டு கையில் வரும்வரை நீங்கள் ஹெச்-1பிதான். பெரும்பாலோருக்குப் பொருந்தும் விலக்கு, அமெரிக்காவில் முறைப்படி வாங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். உங்கள் கடிதத்தில் லைசென்ஸ் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இல்லை என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். டெக்ஸாஸில் தனிநபரிடம் வாங்கும்போது படிவமும் கிடையாது, பின்னணிச் சோதனையும் கிடையாது. அதனால் உங்களை யாரும் தடுக்கவில்லை. யாரும் தடுக்காததால் அது சட்டப்படி சரியாகிவிடாது.

"ஆண்டிக்" என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிக்கு இந்தத் தடை பொருந்தாது, அது உண்மை. ஆனால் 1897 என்பது மாடலின் பெயர். ஜான் பிரவுனிங் வடிவமைத்த அந்த ஷாட்கனை வின்செஸ்டர் 1957 வரை செய்தது. மொத்தம் பத்து லட்சத்துக்கு மேல். நீங்கள் அனுப்பிய படத்தில் சீரியல் எண் எட்டு லட்சத்தைத் தாண்டி இருக்கிறது. முதல் இரண்டு வருடத்தில் வந்த துப்பாக்கிக்கு அந்த எண் இருக்க வாய்ப்பே இல்லை. ஆக, ஆண்டிக் கதை அங்கேயே முடிந்தது.

இன்னொரு படத்தில் குழலின் வாயைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பில் இரும்பு ரம்பத்தின் கோடுகள் அப்படியே இருக்கின்றன. குறி பார்க்கும் மணியை யாரோ கொஞ்சம் கோணலாகப் பற்ற வைத்திருக்கிறார்கள். கம்பெனியே குட்டைக் குழலோடு செய்து அனுப்பிய ரயட் கன் என்ற வகையில் குழல் 20 அங்குலம். இதை யாரோ வீட்டில் வைத்து அறுத்திருக்கிறார்கள். ஷாட்கன் குழல் 18 அங்குலத்துக்குக் குறைந்தாலும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலும், 1934-ம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வரும். பதிவு செய்யாமல் வைத்திருப்பது தனிக் குற்றம், பத்து வருடம் வரை சிறை. இங்கே ஆண்டிக் என்று சொல்லியும் தப்ப முடியாது. தோட்டா இன்றும் கடையில் கிடைக்கும் துப்பாக்கிக்கு அந்தச் சட்டத்தில் ஆண்டிக் விலக்கு இல்லை, இதற்கான 12 போர் தோட்டா எங்கும் கிடைக்கிறது.

ஒரு சின்ன ஆறுதல். நீங்கள் டேப்பை வெளியே வைத்து அளந்திருக்கிறீர்கள். சட்டப்படியான அளவு அது அல்ல. காலித் துப்பாக்கியின் ஆக்‌ஷனை மூடி, குழல் வாய் வழியாக ஒரு குச்சியை போல்ட்டின் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) முகம் தொடும்வரை விட்டு, அந்த நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். வெளியே அளந்தால் ரிசீவருக்குள் (துப்பாக்கியின் நடு உடல்) போயிருக்கும் பகுதி விட்டுப்போகும். உண்மை அளவு 18-ஐத் தாண்டவும் கூடும். ஆனால் அதை நீங்கள் அளக்கக் கூடாது. இனி அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

இப்போது கோர்ட்டுக்கு வருகிறேன், என் பயம் முழுக்க அங்கேதான். ஜஸ்டிஸ் கோர்ட்டில் இருபதாயிரம் டாலர் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை, ஒரு மனு போதும். அந்த மனுவில் என்ன எழுதுவீர்கள்? "இன்ன தேதியில் இந்தத் துப்பாக்கியை வாங்கினேன், இத்தனை மாதம் வைத்திருந்தேன், குழல் பதினேழரை அங்குலம்." குற்றத்தின் ஒவ்வோர் அம்சத்தையும் நீங்களே எழுதி, கையெழுத்துப் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடிய ஆவணமாக ஆக்கிவிடுவீர்கள். எதிராளி உங்கள் நாட்டைப் பற்றிப் பேசியதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். வக்கீலாக எனக்கு அதில் தெரிவது, நீங்கள் குடிமகன் இல்லை என்று அவர் ஊகித்துவிட்டார் என்பதுதான். அவருடைய பதில் மனுவின் முதல் வரியே உங்கள் விசாவாக இருக்கும். "அவரும்தானே மாட்டுவார்" என்று நினைக்காதீர்கள். அவர் மாட்டினாலும் இந்த ஊரிலேயே இருப்பார். உங்களுக்கு 922(ஜி) பிரிவில் 2022 திருத்தத்துக்குப் பிறகு பதினைந்து வருடம் வரை தண்டனை. அதைவிடப் பெரிய விஷயம், இந்த இரண்டு குற்றங்களும் குடியேற்றச் சட்டத்தில் "அக்ரவேட்டட் ஃபெலனி" எனப்படும் கடுங்குற்றப் பட்டியலில் இருக்கின்றன. தீர்ப்பு வந்தால், நாடு கடத்தலிலிருந்து காப்பாற்றும் வழிகள் அநேகமாக எல்லாமே அடைபடும். பெஞ்சில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை மாற்ற முடியாது.

"எனக்குத் தெரியாதே" என்பதும் உதவாது. 2019-ல் ரெஹாய்ஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், தடை செய்யப்பட்ட வகையில் தான் இருப்பது அந்த நபருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. ரெஹாய்ஃப், மாணவர் விசாவில் வந்து, கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகு துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய் மாட்டியவர். ஆனால் தெரிய வேண்டியது தன் விசா நிலை. ஒன்பது வருடமாக ஹெச்-1பியில் இருப்பவர் அது தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

லைசென்ஸ் விஷயத்தில் கவனமானவர்களும் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். என்னிடம் வந்த ஒருவர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவர்: பயிற்சி வகுப்பு, லைசென்ஸ், டீலரிடம் படிவம், எல்லாக் கேள்விக்கும் உண்மையான பதில். டெக்ஸாஸ் வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். அந்த வருடம் அவர் வேட்டைக்குப் போகவில்லை, அதனால் புதுப்பிக்கவும் இல்லை. துப்பாக்கி அலமாரியிலேயே இருந்தது. அக்டோபரில் வேறு ஒரு விஷயத்துக்காக வீட்டுக்கு வந்த போலீஸ் அதைப் பார்த்தது. வாங்கிய நாள் சுத்தமாக இருந்தும் பயனில்லை, வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கணக்கு. இன்னும் அவர் கையைப் பிசைந்துகொண்டு என் எதிரே உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. அதே கணக்குப்படி, நீங்கள் இன்று ஓடிப்போய் லைசென்ஸ் வாங்கினாலும் அது போன ஆறு மாதத்தை மூடாது.

நண்பர் வீட்டில் வைத்ததும் தீர்வல்ல. எங்கே இருக்க வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்கிறவரை அது உங்கள் வசம் இருப்பதாகவே அரசு வாதாடும். குழல் உண்மையிலேயே குட்டை என்றால், பாவம், அவரும் இன்று பதிவில்லாத துப்பாக்கியை வைத்திருக்கிறார். மனைவி ஹெச்-4 என்றால் அவர் பெயருக்கு மாற்றும் யோசனையும் வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். இந்த வாரமே ஃபெடரல் குற்றவியல் பழக்கம் உள்ள ஒரு வக்கீலையும் ஒரு குடியேற்ற வக்கீலையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் மட்டும் போதாது, குற்றவியல் பக்கம் நல்ல பேரம் என்று தோன்றும் ஒப்புதல் குடியேற்றப் பக்கம் விஷமாகிவிடும். துப்பாக்கியை அளப்பதும் அப்புறப்படுத்துவதும் அவர்கள் வழியாக நடக்கட்டும். குழல் 18-க்கு மேல் என்றால் டீலர் வழியாகக் கைமாற்றலாம். குறைவு என்றால் இப்போது போய்ப் பதிவு செய்ய வழியே கிடையாது, வக்கீல்தான் பேசி ஒப்படைக்க வேண்டும். மெசேஜ்களை அழிக்காதீர்கள், அழிப்பது புதுக் குற்றமாகலாம். புதிதாக எதுவும் அனுப்பவும் வேண்டாம். முக்கியமாக, "ஏடிஎஃப்-க்குச் சொல்லிவிடுவேன்" (துப்பாக்கிச் சட்டத்தைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பு) என்று மிரட்டிப் பணம் கேட்காதீர்கள். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்தில், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்தீர்களா என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு என்ன பதில் என்பதை இப்போதே குடியேற்ற வக்கீலுடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே பொய் சொல்லி மாட்டுவது இன்னொரு குழி.

1,400 டாலரை விட்டுவிடுங்கள். அவராகவே திருப்பித் தர முன்வந்தாலும் நேரில் போகாதீர்கள், வக்கீல் நம்பரைக் கொடுங்கள்.